எண்ணிக்கொண்டே ஆடினால் அது வழிபாடு ஆகாதா?

கேள்வி:

வணக்கம் டீச்சர். எனக்கு 44 வயது. எங்கள் வழிபாட்டுக் குழுவில் ஒரு வருடமாக வாரம் ஒருநாள் பாட்டோடு ஆட்டமும் உண்டு. பதினாறு பேர் வட்டமாக நின்று ஆடுவோம். ஆட ஆரம்பித்துப் பத்து நிமிடம் ஆவதற்குள் பக்கத்தில் இருப்பவர்கள் கண்ணீர் விடுகிறார்கள். சிலருக்கு உடம்பு நடுங்குகிறது. ஒருவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவார். எனக்கு மட்டும் ஒன்றும் வருவதில்லை. 'வலது, இடது, வலது, தட்டு' என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருக்கிறேன். எண்ணுவதை விட்டால் கால் தப்பிவிடுகிறது. எங்களை வழிநடத்துபவர், 'உன் மனம் இன்னும் மூடியே இருக்கிறது' என்றார். போன வாரம் வெட்கம் தாங்காமல் நானும் கண்ணை மூடி, உடம்பைக் குலுக்கி, அழுவதுபோல நடித்துவிட்டேன். எல்லோரும் சந்தோஷப்பட்டு என்னைக் கட்டிக்கொண்டார்கள். அன்று இரவு தூக்கமே வரவில்லை. கடவுள் முன்னாலேயே நாடகம் போட்டுவிட்டேனே என்று உறுத்துகிறது. என் அண்ணனோ, 'கும்பிடுகிற இடத்தில் என்ன ஆட்டம் வேண்டிக்கிடக்கிறது' என்று ஆரம்பத்திலிருந்தே கேலி செய்கிறார். நான் தொடர்வதா, நின்றுவிடுவதா? இடது முழங்கால் வேறு வலிக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் குழு எந்த மதத்தைச் சேர்ந்தது என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு தடவை படித்தும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான், இந்தக் கடிதம் எந்த மதத்துக்காரரிடமிருந்தும் வந்திருக்கலாம். நான் இறையியல் படித்தவள் இல்லை. முப்பது வருடமாகப் பரதம் சொல்லிக்கொடுக்கிறேன். இடையிடையே வழிபாட்டுக் குழுக்கள் கூப்பிட்டு, 'எங்களுக்குக் காலை ஒழுங்காக வைக்க மட்டும் கற்றுக்கொடுங்கள்' என்று கேட்டதுண்டு. அதனால் காலிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நடித்துவிட்ட விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

வாரம் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு ஏறக்குறைய 50 மணி நேரம் ஆடியிருப்பீர்கள். நாற்பது வயதுக்கு மேல் முதல் தடவையாக ஆட வந்து, 50 மணி நேரத்தில் எண்ணுவதை நிறுத்திய யாரையும் நான் பார்த்ததில்லை. எண்ணிக்கை முதலில் வாயில் இருக்கும், அப்புறம் மனதுக்குள் போகும், ரொம்ப நாள் கழித்துக் காலுக்கு இறங்கும். இறங்கிய நாள் நமக்குத் தெரியாது. வீட்டில் தனியாக ஆடிப் பார்த்துக்கொண்டிருப்போம், யாரோ கதவைத் தட்டுவார்கள், 'யாரது?' என்று குரல் கொடுப்போம், கால் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். அப்போதுதான் 'அட' என்று தோன்றும்.

என் வகுப்பில் தட்டடவுக்கு (காலைத் தரையில் தட்டிப் பழகும் அடிப்படை ஆட்ட அடி) 'தெய்யா தெய்' என்று சொல்லிக்கொண்டே தட்டுக்கழியைத் தட்டுவேன். அந்தச் சொல்லுக்கட்டு வேறென்ன? எண்ணிக்கைக்கு ஒரு சத்தம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் மனதுக்குள் சொல்லும் 'வலது, இடது, வலது, தட்டு'வும் அதே சாதிதான். நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி 1975இல் சென்னைத் தமிழ் இசைச் சங்கத்தில் பேசும்போது ஒரு நாட்டியக் கச்சேரியை அப்படியே ஒரு பெரிய கோயிலுக்கு ஒப்பிட்டார். முதலில் ஆடும் அலாரிப்பு கோபுரம், பிற்பாடு வரும், பாட்டுக்கு அபிநயம் பிடிக்கும் பதம் கருவறைப் பக்கம். அலாரிப்பில் பாட்டு கிடையாது, கதை கிடையாது, அழுவதற்கு ஒன்றுமே கிடையாது. கழுத்து, கண், தோள், கால், தாளம், அவ்வளவுதான். அதைத்தான் அந்த அம்மா கோபுர வாசலில் வைத்தார். நீங்கள் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே இருப்பவர்களைப் பார்த்து ஏங்குகிறீர்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம். வாசலும் கோயிலைச் சேர்ந்ததுதானே.

பரவசத்துக்குப் பேர்போன ஆட்டங்கள் எப்படிக் கற்பிக்கப்பட்டன என்று கொஞ்சம் பாருங்கள். துருக்கியின் மெவ்லவி சூஃபிகள் சுழன்று ஆடுவதை வீடியோவில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். 1273இல் கொன்யா நகரில் மறைந்த ஜலாலுத்தீன் ரூமியின் வழியில் வந்தவர்கள். வெள்ளை அங்கி பூப்போல விரிய, வலது உள்ளங்கை வானத்தைப் பார்க்க, இடது உள்ளங்கை பூமியைப் பார்க்கச் சுற்றுவார்கள். பார்க்கிற நமக்கு, தன்னை மறந்து சுற்றுகிறார்கள் என்றே தோன்றும். ஆனால் அவர்கள் பயின்ற இடத்தில் ஒரு மரப் பலகை கிடக்கும். அதன் நடுவில் ஓர் ஆணி. இடது காலின் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே அந்த ஆணியை வைத்துக்கொண்டு, அது இருக்கிற இடத்தை விட்டு நகராமல் சுற்றிப் பழக வேண்டும். விரலிடுக்கு புண்ணாகாமல் இருக்கப் பலகையில் உப்புத் தூவிக்கொள்வார்கள். முழுத் தர்வேஷ், அதாவது அந்த வழியின் துறவி, ஆவதற்கு 1,001 நாள் பணிவிடை, அதுவும் சமையலறையில் ஆரம்பம். பாத்திரம் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம்.

இன்னொன்றும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. அத்தனை பேர் சுழலும்போது ஆட்டத்தலைவர் ஒருவர் மட்டும் சுழலாமல், அவர்களுக்கு நடுவே மெதுவாக நடந்துகொண்டிருப்பார். யார் யாரோடு நெருங்குகிறார், எங்கே இடைவெளி குறைகிறது என்று பார்த்து, தன் பாதத்தின் அசைவாலேயே சைகை காட்டித் திருத்துவார். சுற்றிலும் அத்தனை பரவசம், நடுவில் ஒருவர் இடைவெளி சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு டீச்சராக அவர்மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு.

எதிர்த்திசையில் நடந்த கதையும் இருக்கிறது. 1774இல் ஆன் லீ என்ற பெண்மணி எட்டுப் பேருடன் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா போய் வளர்த்த ஒரு கிறிஸ்தவக் கூட்டம், ஷேக்கர்கள். வழிபாட்டில் நடுங்கிக் குலுங்கியதால் ஊரார் வைத்த கேலிப்பெயர் அது. ஆரம்பத்தில் ஆளுக்கொரு விதமாகத்தான் ஆடினார்கள், சுற்றினார்கள், விழுந்தார்கள். ஆன் லீ 1784இல் இறந்த சில வருடங்களிலேயே, தலைமைக்கு வந்த ஜோசப் மீச்சம் அதை ஒழுங்குபடுத்தினார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், வரிசை, ஒரே மாதிரி அடி. ஒத்திகைகூட உண்டு. 1820இல் கென்டக்கியின் பிளெசன்ட் ஹில்லில் வழிபாட்டுக் கூடம் கட்டியபோது, ஆடுகிறவர்களுக்குத் தூண் இடிக்கக் கூடாது என்று கூரையின் பாரத்தை மேலே மரச்சட்டங்களிலேயே தாங்க வைத்து, உள்ளே ஒரு தூண்கூட இல்லாமல் கட்டினார்கள். தானாக வந்த நடுக்கத்தை எதற்கு அடவாக்க வேண்டும்? நடுக்கம் எல்லோருக்கும் வருவதில்லை, எல்லா வாரமும் வருவதில்லை. அடி எல்லோருக்கும் வரும். நான் புரிந்துகொண்டது இப்படி.

லக்ஸம்பர்க்கில் எக்டர்நாக் என்ற ஊரில், பெந்தெகொஸ்தே ஞாயிறை அடுத்த செவ்வாய்க்கிழமை, புனித வில்லிப்ரோர்டின் கல்லறைக்கு ஆயிரக்கணக்கானவர்கள் ஆடிக்கொண்டே ஊர்வலம் போகிறார்கள். வரிசை வரிசையாக, பக்கத்து ஆளோடு ஒரு வெள்ளைக் கைக்குட்டையின் முனையை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, ஒரே ராகத்துக்கு இடப்பக்கம் ஒரு துள்ளல், வலப்பக்கம் ஒரு துள்ளல். யுனெஸ்கோ 2010இல் அதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கைக்குட்டை தளர்ந்தால் அடி தப்புகிறது என்று தெரிந்துவிடும், இறுகினாலும் தெரிந்துவிடும். அந்த ஊர்வலத்தில் உங்களைச் சேர்த்துவிட்டால் நீங்கள் நன்றாகவே ஆடுவீர்கள்.

நம் மொழிக்கு வருவோம். அப்பர் திருவாரூரில் பாடிய ஒரு பாட்டில், நிலைபெற வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்று தன் நெஞ்சுக்குச் சொல்கிறார். பொழுது விடியுமுன் கோயிலுக்குள் போ, கூட்டு, மெழுகு, பூமாலை கட்டு, புகழ்ந்து பாடு, தலையாரக் கும்பிடு, கூத்தும் ஆடு. கூட்டிப் பெருக்குவதும் மெழுகுவதும் இருக்கிற அதே வரிசையில்தான் ஆட்டமும் இருக்கிறது. தரையை மெழுகும்போது உங்களுக்குக் கண்ணீர் வந்ததா என்று யாராவது கேட்பார்களா? மாணிக்கவாசகரோ இன்னும் ஒரு படி மேலே போய்த் தன் நெஞ்சையே திட்டுகிறார். 'ஆடுகின்றிலை' என்று ஆரம்பித்து, கூத்துடையான் கழலுக்கு அன்பில்லை, என்புருகிப் பாடவில்லை, பதைக்கவும் இல்லை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். அழுது அழுதே பேர் வாங்கியவர் அவர். அவருக்கே 'எனக்கு ஒன்றும் வரவில்லையே' என்ற புகார் இருந்திருக்கிறது என்றால், உங்கள் கடிதத்தை அவர் புரிந்துகொண்டிருப்பார்.

சரி, நடித்துவிட்டீர்கள். அதற்கு வருகிறேன்.

எனக்குப் பதினேழு வயதில் ஒரு கோயில் நிகழ்ச்சி. ஒத்திகையில் எல்லாம், 'முகத்தில் பக்தி எங்கே, பக்தி எங்கே' என்று என்னைப் போட்டுக் குடைந்திருந்தார்கள். அன்று மேடையில் ஒரு பதத்தின் நடுவே, போன வருடம் இறந்த என் பாட்டியை வேண்டுமென்றே நினைத்துக்கொண்டேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. எனக்கே பெருமை. முன்வரிசையில் ஒரு மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வது தெரிந்ததும் இன்னும் கொஞ்சம் அழுதேன். இறங்கி வந்ததும் குரு ஒன்றுதான் சொன்னார்: 'மூணு இடத்தில் தாளம் விட்டே.' அழுகையைப் பற்றிப் பேச்சே இல்லை. அப்போது எனக்கு அவர்மேல் அத்தனை கோபம். இன்று நானும் என் பிள்ளைகளுக்கு அதையேதான் சொல்கிறேன்.

உங்கள் கேள்வியை 900 வருடத்துக்கு முன்னாலேயே ஒருவர் விசாரித்திருக்கிறார். 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, இறைப்பாடல் கேட்கும் சபைகளில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விரிவாக எழுதியவர். தானாக வரும் பரவசத்துக்கு வஜ்து என்று பெயர். வராதபோது வரவழைத்துக்கொள்வதற்குத் தவாஜுது என்று தனிப்பெயர். வேறு பெயர் வைக்கிற அளவுக்கு அது சாதாரணமாக நடந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். தவாஜுதை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். தன்னிடம் இல்லாத பெரிய நிலை இருப்பதாக மற்றவர்களுக்குக் காட்டுவதற்காகச் செய்தால் தவறு. அந்த நிலை வர வேண்டும் என்று ஆசைப்பட்டு, உடம்பை முதலில் அந்தப் பக்கம் திருப்பி வைத்தால் அது ஏற்கத்தக்கது. குர்ஆன் ஓதும்போது அழுங்கள், அழுகை வராவிட்டால் அழ முயலுங்கள் என்ற நபிமொழியை இதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார்.

இதில் உங்களுடையது எது? உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது: 'வெட்கம் தாங்காமல்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக, மற்றவர்களுக்காகத்தான் செய்தீர்கள். இதைப் பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை. ஆனால் நீங்கள் இரவெல்லாம் விழித்துக் கிடக்கிற அளவுக்கு இது கடவுளை ஏமாற்றிய விவகாரம் இல்லை. பதினைந்து பேருக்கு முன்னால் தனித்துத் தெரியப் பிடிக்காமல் செய்தது. பாதிப் பொறுப்பு அந்த வட்டத்துக்கும் உண்டு. நீங்கள் 50 வாரம் ஒழுங்காக அடி வைத்து ஆடினீர்கள், யாரும் கட்டிக்கொள்ளவில்லை. ஒருநாள் அழுதீர்கள், எல்லோரும் கட்டிக்கொண்டார்கள். இப்படி ஒரு இடத்தில் எதற்குப் பரிசு கிடைக்கிறதோ அதுதான் பெருகும். அங்கே அழுகிறவர்களில் இன்னும் ஓரிருவராவது உங்களைப்போலத்தான் என்று பந்தயம் கட்டவும் நான் தயார். (வழிபாட்டு விஷயத்தில் பந்தயம் கூடாதுதான்.)

'உன் மனம் மூடியிருக்கிறது' என்று சொன்னாரே, அந்தப் பேச்சு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. வெளியிலிருந்து பார்த்து அவருக்கு எப்படித் தெரியும்? பத்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பாக்தாதில் மறைந்த ஜுனைத் என்ற சூஃபிப் பெரியவரைப் பற்றி ஒரு நிகழ்ச்சி சொல்வார்கள். பாட்டைக் கேட்டுச் சுற்றிலும் எல்லோரும் எழுந்து ஆடுகிறார்கள், இவர் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையா என்று கேட்டதற்கு, குர்ஆன் வசனம் ஒன்றைச் சொன்னாராம்: மலைகளைப் பார்த்து அவை நிலையாக நிற்பதாக நினைக்கிறாய், அவையோ மேகங்களைப்போலப் போய்க்கொண்டிருக்கின்றன. கஸ்ஸாலியும், அடக்கிக்கொள்ள முடிகிறவர் எழுந்து ஆடவோ சத்தம்போட்டு அழவோ வேண்டாம் என்றுதான் ஒழுங்கு சொல்கிறார். நடுங்குகிறவருக்கு எவ்வளவு மரியாதையோ, எண்ணிக்கொண்டு நிற்பவருக்கும் அவ்வளவு மரியாதை வேண்டும். அது இல்லாத இடத்தில் ஆட்டம் சீக்கிரமே தேர்வுக்கூடம் ஆகிவிடும்.

மற்றவர்களுக்கு வருவது பொய் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பலர் ஒன்றாக, ஒரே தாளத்தில் உடம்பை அசைத்தால் உள்ளே ஏதோ நடக்கத்தான் செய்கிறது. 2015இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பிரேசிலில் பள்ளி மாணவர்களைக் குழுக்களாக ஆடவிட்டுப் பார்த்தார்கள். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி, காற்றடித்து இறுக்கி, எவ்வளவு இறுக்கம்வரை பொறுத்துக்கொள்கிறார்கள் என்று அளந்தார்கள். ஒரே நேரத்தில் ஒரே அடி வைத்து ஆடியவர்களுக்கு வலி தாங்கும் சக்தி கூடியது, தங்கள் குழுவோடு ஒட்டுதலும் கூடியது. உடம்பு வியர்க்க ஆடியதற்கும் தனியாகப் பலன் இருந்தது. வில்லியம் மக்நீல் என்ற வரலாற்றாசிரியர் 1941இல் ராணுவத்தில் சேர்க்கப்பட்டு, டெக்சாஸ் வெயிலில் மணிக்கணக்காக அணிவகுப்புப் பழகியவர். வேலையற்ற வேலை என்று ஆரம்பித்தது, போகப் போக உடம்பே பெரிதாகிவிட்டதுபோல ஒரு நிறைவைத் தந்தது என்று பல வருடம் கழித்து எழுதினார்.

ஆகவே உங்கள் வட்டத்தில் கண்ணீர் பொங்குவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அதே சமயம், படை அணிவகுப்பிலும் வரக்கூடிய ஒன்றை வைத்து யார் கடவுளுக்குப் பக்கத்தில் இருக்கிறார், யார் தள்ளி இருக்கிறார் என்று அளக்க முடியாது. எண்ணிக்கொண்டே ஆடுகிறவர்களுக்கு இந்தப் பொங்குதல் தாமதமாக வரும், ஏனென்றால் பாதி மூளை காலைக் காவல் காக்கிறது. சிலருக்கு எண்ணுவது நின்ற பிறகும் வருவதில்லை. அப்படிப்பட்டவர்களில் சிலர் நான் பார்த்த மிக அமைதியான ஆட்டக்காரர்கள்.

ஒரு வழிபாட்டுக் குழுவுக்கு நான் கற்றுக்கொடுத்தபோது ஒரு பாட்டி வருவார். எழுந்து நிற்க முடியாது. வட்டத்துக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பிடியில் ஆள்காட்டி விரலால் மட்டும் தாளம் போடுவார். நான்கு மாதத்தில் ஒரு தடவைகூட அந்த விரல் தப்பவில்லை. வட்டத்தில் யாருக்காவது அடி குழம்பினால் திரும்பி அந்த விரலைப் பார்த்துச் சரிசெய்துகொள்வார்கள். அவர் முகத்தில் நான் எந்தப் பரவசத்தையும் பார்க்கவில்லை. நான் உற்றுப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு ஒருநாள், 'என்னம்மா, தப்பாப் போடறேனா?' என்று மட்டும் கேட்டார்.

உங்கள் அண்ணன் விஷயம். அவரோடு சண்டை வேண்டாம். அவருக்கு முன்னால் நிறையப் பேர் இதைக் கேட்டிருக்கிறார்கள். உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்னால் தாவீது அரசன் குதித்து ஆடியதைச் சன்னல் வழியாகப் பார்த்து அவன் மனைவி மீகாள் இகழ்ந்தாள் என்று பைபிளில் வருகிறது. 589இல் ஸ்பெயினின் டொலேடோவில் கூடிய ஆயர்கள் சபை, புனிதர் திருநாட்களில் மக்கள் ஆடுவதைத் தடைசெய்தது. மேற்கத்திய நாடுகளின் திருப்பலியில் நடனம் வேண்டாம் என்று வத்திக்கானின் வழிபாட்டு அலுவலகம் 1975இல் விளக்கம் கொடுத்தது. அதே வத்திக்கான் 1988இல் ஏற்றுக்கொண்ட ஜயீர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) நாட்டு முறைத் திருப்பலியில் குருவானவரே பீடத்தைச் சுற்றி ஆடுகிறார். எந்த மக்களுக்கு ஆட்டம் எதை நினைவூட்டுகிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவு எடுத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையோரத்தில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்க வம்சாவளியினர் கதை இன்னும் சுவையானது. ஆடுவது பாவம் என்று அவர்களுக்குப் போதிக்கப்பட்டிருந்தது. அவர்கள் வட்டமாக, கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாக, பாதத்தைத் தரையில் தேய்த்தபடியே பாடிக்கொண்டு சுற்றினார்கள். காலுக்குக் கால் குறுக்கே போனால்தான் நடனம், நாங்கள் குறுக்கே வைப்பதில்லை, ஆகவே இது நடனம் இல்லை, வழிபாடு என்று சொல்லிவிட்டார்கள். ரிங் ஷவுட் என்று அதற்குப் பெயர். எது நடனம், எது இல்லை என்பதை இரண்டு பாதங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் தீர்த்துக்கொண்ட சாமர்த்தியத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும், கூடவே தொண்டையும் அடைக்கும்.

தமிழில் இந்தக் குழப்பம் பேச்சிலேயே இருக்கிறது. சாமியைக் கூத்தபிரான், ஆடவல்லான் என்று கும்பிடுகிறோம். பிள்ளைகளை 'ஆட்டம் போடாதே', 'என்ன கூத்தடிக்கிறே' என்று அதட்டுகிறோம். கோயிலில் தலைமுறை தலைமுறையாகச் சதிர் ஆடிய பெண்களைச் சமூகம் தள்ளி வைத்தது. 1947இல் சென்னை மாகாணச் சட்டம் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுத்தது. அது நிற்க வேண்டிய வழக்கம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதற்கு முன்பிருந்தே அந்தச் சதிராட்டம் மட்டும் பரதம் என்று பெயர் மாறி, வேறு வீட்டுப் பெண்களின் காலில் மேடையேறிவிட்டது. அதைக் கற்று வாழ்கிறவர்களில் நானும் ஒருத்தி. அதனால் கும்பிடுகிற இடத்தில் ஆட்டம் எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது. உங்கள் அண்ணனிடம் நீங்களும் பதில் சொல்லத்தான் வேண்டும் என்று இல்லை. ஒருநாள் வந்து பார்க்கச் சொல்லுங்கள். வராவிட்டால் போகட்டும்.

இனி என்ன செய்வது? தொடருங்கள் என்பது என் கருத்து, ஆனால் ஒரு மாதம் கண்ணைத் திறந்துகொண்டு ஆடுங்கள். கண்ணை மூடினால்தான் நடிக்கத் தோன்றும். தரையில் ஏழெட்டு அடி தள்ளி ஒரு புள்ளியைப் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணுவதை ஒளிக்காமல் உதடு அசையவே எண்ணுங்கள், பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கப்போவதில்லை. மூன்றாவது வாரம்போல, எண்களுக்குப் பதிலாக உங்கள் பாட்டிலிருந்தே ஒரு சொல்லையோ நாமத்தையோ நான்கு அடிக்குப் பொருந்துமாறு பிரித்துச் சொல்லிப் பாருங்கள். தாளம் அப்படியே இருக்கும், சொல் மட்டும் மாறும். தட்டுகிற அடியில் அந்தச் சொல்லின் கடைசி எழுத்து விழட்டும். அப்போது சுற்றிலும் பதினைந்து பாதங்கள் அதே கணத்தில் தரையில் விழும் சத்தத்தைக் கேளுங்கள். இத்தனை நாள் உங்கள் காலை மட்டுமே கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

வழிநடத்துபவரிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: 'போன தடவை நான் அழுதது தானாக வந்தது இல்லை, இனி வந்தால் வரட்டும், வராவிட்டால் ஆடிவிட்டுப் போகிறேன்.' நல்ல மனிதராக இருந்தால் அவருக்கே நிம்மதியாக இருக்கும். அதற்கும் அவர் மனம் திறப்பதைப் பற்றியே பேசினாலோ, எல்லோர் முன்னாலும் உங்களை நிறுத்திக் கேட்டாலோ, ஆடும்போது வீடியோ எடுத்து யார் யார் அழுதார்கள் என்று காட்டினாலோ, வேறு குழு தேடுங்கள். ஆட்டத்தை விட வேண்டாம்.

முழங்கால். நாற்பத்துநான்கு வயதில் வலியைப் பக்தியோடு சேர்த்துப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். வீக்கமோ, மடக்கும்போது பிடித்துக்கொள்வதோ, படி இறங்கும்போது நழுவுவதோ இருந்தால் அடுத்த வழிபாட்டுக்கு முன்னால் எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். இல்லையென்றால் ஒன்றைக் கவனியுங்கள். இடது கால் என்கிறீர்கள், வட்டத்தில் ஆடுகிறீர்கள். ஒரே பக்கமாகச் சுற்றும்போது பாதம் தரையில் ஒட்டிக்கொண்டிருக்க, உடம்பு திரும்ப, நடுவில் இருக்கும் முழங்கால்தான் முறுக்கு வாங்கும். திரும்பும்போது குதிகாலைக் கொஞ்சம் தூக்கி, பாதமும் சேர்ந்து திரும்பட்டும். முழங்கால் எப்போதும் கால்விரல்களின் திசையையே பார்க்க வேண்டும், என் மாணவிகளிடம் ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது இதைச் சொல்கிறேன். தட்டும்போது முழுப் பாதமும் சமமாக விழ வேண்டும், குதிகாலால் இடிக்கக் கூடாது. பாதி நேரம் சுற்றுவதை எதிர்ப்பக்கமாக மாற்ற முடியுமா என்றும் குழுவில் கேட்டுப் பாருங்கள். வலிக்கிற வாரம் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுங்கள், விரல் இருக்கிறது.

அடுத்த கடிதத்தில் நீங்கள் ஆடும் இடத்தின் தரை சிமென்டா, கல்லா, மரமா என்று எழுதுங்கள். வெறும் சிமென்டில் ஒரு மணி நேரம் தட்டுகிறீர்கள் என்றால், அடவைத் திருத்துவதற்கு முன்னால் ஜமக்காளம் ஏதாவது விரிக்கலாமா, விரித்தால் கால் தடுக்குமா என்று பார்க்க வேண்டியிருக்கும்.